காலுக்குக் கெடு ஆறு மணி நேரம்

(ஆத்தூர் பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று இங்கு கூடியிருக்கும் உங்களில் பலர், நான் வழக்கம்போல் சாமியையும் சாஸ்திரத்தையும் பற்றித்தான் பேசப்போகிறேன் என்று எதிர்பார்த்து வந்திருக்கலாம். மறுத்துக் கேள்வி கேட்பதற்கென்றே வந்திருக்கும் அன்பர்கள் சிலரும் கடைக்கோடியில் நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் என் வந்தனம். ஆனால் இன்று நான் பேச வந்தது காலைப் பற்றி. ஒரு மனிதனுடைய காலுக்கோ கைக்கோ இரத்தம் போகும் வழி திடீரென்று அடைபட்டுப்போனால், பக்கத்திலிருப்பவர்கள் செய்ய வேண்டியது என்ன, செய்யக்கூடாதது என்ன என்பதுதான் விஷயம்.

நான் டாக்டரல்ல. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் புத்தகசாலையில் உட்கார்ந்து படித்தும், விஷயம் தெரிந்த டாக்டர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதுதான். ஆகவே நான் சொல்லுகிறேன் என்பதற்காகவே எதையும் நம்பிவிடாதீர்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று படுகிறதா என்று யோசித்துப் பாருங்கள். எந்த டாக்டரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

தோழர்களே! இந்த ஊருக்கு மேற்கே காமராஜர் அணை இருக்கிறது. அதிலிருந்து திண்டுக்கல் நகரத்துக்குக் குழாய் வழியாகக் குடிதண்ணீர் போகிறது. ஒரு நாள் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் திண்டுக்கல்காரர்கள் என்ன செய்வார்கள்? பூசாரியைக் கூப்பிடுவார்களா? குழாய்க்கு எண்ணெய் தடவி நீவுவார்களா? செய்யமாட்டார்கள். "எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துக் குழாய்க்காரனை அனுப்பு" என்று சத்தம் போடுவார்கள். இரும்புக் குழாய் விஷயத்தில் இவ்வளவு தெளிவாயிருக்கிற மனிதன், தன் சொந்தக் காலில் ஓடும் குழாய் அடைத்துக்கொண்டால் மாத்திரம் புத்தியை மூட்டை கட்டி வைத்துவிடுகிறான்.

இருதயம் என்பது ஓயாமல் வேலை செய்யும் ஒரு பம்பு. அது தள்ளும் இரத்தம் குழாய்கள் வழியாக உடம்பெல்லாம் போய்த் திரும்பவும் இருதயத்துக்கே வருகிறது என்பதை 1628-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி என்பவர் புத்தகம் எழுதி ருசுப்படுத்தினார். வாய்க்காலில் தண்ணீர் நின்றால் முதலில் காய்வது எந்த வயல்? கடைமடை வயல்தானே! நம் உடம்புக்குக் கால்விரல்தான் கடைமடை.

அடைப்பு எப்படி ஏற்படுகிறது? ஒன்று, இருதயத்துக்குள்ளேயே இரத்தம் உறைந்து கட்டியாகி, அந்தக் கட்டி பெயர்ந்து ஓட்டத்தோடு வந்து, குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் சிக்கிக்கொள்ளுகிறது. வெள்ளத்தில் வந்த மரக்கட்டை வாய்க்கால் பிரியும் இடத்தில் சிக்குகிறதே, அதைப் போல. சிறு பிராயத்தில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டு, அதனால் இருதயத்தின் வால்வு கெட்டுப்போனவர்களுக்கும், இருதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறவர்களுக்கும் இது வரும். இரண்டாவது, புகையிலையாலும், சர்க்கரை வியாதியாலும், இரத்தக் கொதிப்பாலும், கொழுப்பாலும் வருஷக்கணக்காகக் குறுகிப்போன குழாயில் ஒரு நாள் இரத்தம் உறைந்து முழுக்க அடைத்துக்கொள்ளுகிறது. மூன்றாவது, வண்டி விபத்தில் முழங்கால் பிசகியோ, எலும்பு முறிந்தோ குழாய் நசுங்கிவிடுகிறது. நான்காவது, நாமே கட்டி அடைத்துவிடுகிறோம். இதைப் பற்றிப் பிறகு சொல்லுகிறேன்.

மெதுவாக அடைபடும் குழாய்க்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கிளை வாய்க்கால்கள் தாமாகவே அகலப்பட்டு ஓரளவு ஈடு கொடுக்கும். திடீரென்று அடைபட்டால் அதற்கு அவகாசம் கிடையாது. தசையும் நரம்பும் இரத்தமில்லாமல் சுமார் நாலு முதல் ஆறு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். அதற்கு மேல் போகப்போகச் செத்துக்கொண்டே வரும். ஆகவேதான் காலுக்குக் கெடு ஆறு மணி நேரம் என்று சொல்லுகிறேன். சிலருக்குச் சற்றுக் கூடலாம், சிலருக்குக் குறையலாம். ஆனால் ஜோசியன் வந்து நல்ல நேரம் பார்த்துச் சொல்லும் வரைக்கும் அது காத்திருக்காது.

நிற்க, இந்த விஷயத்தை நான் ஏன் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன் என்று கேட்பீர்கள். என் சொந்த வீட்டுச் சங்கதியைச் சொல்லுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ராத்திரி, ஒன்பது மணி சுமாருக்குச் சாப்பாட்டுக் கடை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் தாயார், "ஐயோ, காலு!" என்று கத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். வெட்டிப்போட்டாற்போல் வலது காலில் வலி. தொட்டுப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே குளிர்ந்திருந்தது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஒருவர் வாதம் என்றார். ஒருவர் காத்துக் கருப்பு அண்டியிருக்கிறது என்றார். ஒரு அம்மாள் விபூதி கொண்டுவந்து பூசப் போனார்கள். நான் சும்மாயிருப்பேனா? "இந்த வீட்டில் இந்த மூடத்தனமெல்லாம் நடக்காது" என்று விபூதியைத் தட்டிவிட்டேன். தெருவே என்னைப் பார்த்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு நான் செய்தது என்ன தெரியுமா? மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தேன். வேப்பெண்ணெயைக் காய்ச்சித் தேய்த்து நீவினேன். மணலை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தேன். "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். நடுச்சாமத்துக்கு மேல் வலி குறைந்தது. குணமாகிவிட்டது என்று நினைத்து நானும் தூங்கிப்போனேன். தோழர்களே, அது குணமல்ல. வலியை அறியும் நரம்பு செத்துக்கொண்டிருந்தது. விடிந்து பார்த்தால் பாதத்தில் நீலத் திட்டுக்கள். விரலை அசைக்கச் சொன்னால் அசையவில்லை. ஒத்தடம் கொடுத்த இடத்தில் கொப்புளம், அது சுட்டதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தனை மணிக்கு ஆரம்பித்தது?" ராத்திரி ஒன்பது மணி என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பேசவில்லை. அன்று மாலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். தாயார் அதன்பின் நாலு வருஷம் இருந்தார்கள். கோபித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு நாள் மாத்திரம் கேட்டார்கள்: "ஏன்டா தம்பி, சாமியத்தான் நம்பல, டாக்டரையாவது நம்பியிருக்கலாம்ல?"

இதற்கு இன்றுவரை என்னிடம் பதிலில்லை. விபூதியைத் தட்டிவிட்டவன் பகுத்தறிவுவாதி என்றால், சுடுமணலை ஏன் கொடுத்தான்? யாரோ எப்போதோ செய்தார்கள் என்பதைத் தவிர அதற்கு என்ன ஆதாரம் இருந்தது? விபூதி அவர்கள் காலை ஒன்றும் செய்திருக்காது. சுடுமணல் கொப்புளம் உண்டாக்கிற்று. ஆகவே ஆராயாமல் செய்கிற காரியமெல்லாம் மூடநம்பிக்கைதான், அதைக் கோயிலில் செய்தாலும் சரி, நாத்திகன் வீட்டில் செய்தாலும் சரி. இதை எதிராளிகள் சொல்லுவதற்கு முன் நானே சொல்லிக்கொள்ளுவது நல்லதல்லவா?

இனி அடையாளங்களைச் சொல்லுகிறேன். இதற்கு ஒரு யந்திரமும் வேண்டாம். இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திடீரென்று வந்த வலியா? ஒரு கால் மற்றதைவிட வெளுத்திருக்கிறதா? புறங்கையால் தொட்டால் குளிர்ந்திருக்கிறதா? பெருவிரல் நகத்தை அமுக்கிவிட்டால் சிவப்பு திரும்ப வருகிறதா, அப்படியே வெளிறி நிற்கிறதா? பாதத்தின் மேற்புறத்திலும், உள்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி துடிக்கிறதா? தொட்டால் தெரிகிறதா, மரத்துவிட்டதா? விரலை அசைக்க முடிகிறதா? வலியும் வெளுப்பும் குளிர்ச்சியும் நாடியில்லாமையும் முதலில் வரும். மரத்துப்போவதும் அசையாமற்போவதும் பின்னால் வரும். பின்னால் வருகிற இரண்டும் வந்துவிட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக்கூடாது. இவை வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது.

செய்ய வேண்டியதைக் கேளுங்கள். முதலாவது, வலி ஆரம்பித்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அதைவிட உபயோகமான சேதி இல்லை. இரண்டாவது, 108-க்குப் போன் செய்யுங்கள். அந்த ஆம்புலன்ஸ் 2008 முதல் நம் மாகாணத்தில் ஓடுகிறது, கட்டணம் கிடையாது. "கால் வலி" என்று மாத்திரம் சொல்லாமல், "கால் திடீரென்று குளிர்ந்து வெளுத்துவிட்டது, இரத்த ஓட்டம் நின்றிருக்கலாம்" என்று சொல்லுங்கள். மூன்றாவது, ஆளைப் படுக்கவைத்து, காலை உயரத் தூக்காமல் சமமாகவோ சற்றுத் தாழ்வாகவோ வையுங்கள். தூக்கினால் வருகிற சொற்ப இரத்தமும் நின்றுபோகும். நான்காவது, மெட்டி, கொலுசு, காப்பு, மந்திரக் கயிறு எல்லாவற்றையும் கழற்றி, தளர்வாக ஒரு துணியைப் போர்த்துங்கள். ஐந்தாவது, அவர் சாப்பிட்டுவரும் மாத்திரைகளையும் பழைய சீட்டுக்களையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யக்கூடாதவை: தேய்க்காதீர்கள், நீவாதீர்கள். சுடுமணலும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். நடக்க வைக்காதீர்கள். ஆபரேஷன் செய்ய நேரிடலாமாதலால் சோறு, காப்பி கொடுக்காதீர்கள். இடுப்பில் வலி ஊசி போடச் சொல்லி அலையாதீர்கள். பீடி, சுருட்டுப் பற்றவைக்கவே கூடாது.

எங்கே போவது? இங்கிருந்து திண்டுக்கல் இருபது கிலோமீட்டர் சொச்சம். அங்கே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. அங்கிருந்து மதுரை அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். முன் காலத்தில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று பேர் வைக்கப்பட்டு, இப்போது ராஜாஜி ஆஸ்பத்திரி என்று வழங்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. முதல் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்ததும், "இங்கே இதைச் செய்ய முடியுமா, அனுப்ப வேண்டுமா?" என்று உடனே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல, உங்கள் பாத்தியம்.

அங்கே என்ன செய்வார்கள் என்று தெரிந்தால் பயம் போகும். இரத்தம் மேலும் உறையாதபடி ஹெப்பாரின் என்னும் மருந்தை முதலில் ஏற்றுவார்கள். 1916-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் ஜே மக்லீன் என்ற வைத்திய மாணவர் நாயின் ஈரலை ஆராய்ந்துகொண்டிருந்தபோது புலப்பட்ட பொருள் அது. இன்று பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து எடுக்கிறார்கள். அதை ஊசியில் ஏற்றிக்கொள்ளும்போது எந்த ஆசாரக்காரரும் தீட்டு என்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. உயிர் பெரிதா, ஆசாரம் பெரிதா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விடை தெரிந்துவிடுகிறது.

பிறகு அடைப்பை எடுப்பார்கள். முன்னெல்லாம் இதற்குக் குழாயை நீளத்துக்குத் திறக்க வேண்டியிருந்தது, பிழைத்த கால்கள் கொஞ்சம். அமெரிக்காவில் சின்சினாட்டி என்ற ஊரில் தாமஸ் ஃபோகார்ட்டி என்று ஒரு ஏழைப் பையன் ஆஸ்பத்திரியில் சாமான்களைக் கழுவித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தான். காலை இழக்கிறவர்களைத் தினமும் கண்ணால் பார்த்தான். படித்து டாக்டரான அவன், ஒரு மெல்லிய குழலின் நுனியில் ஆபரேஷன் கையுறையின் விரல் துண்டைத் தூண்டில் நூல் முடிகிற வித்தையால் கட்டினான். தொடை இடுக்கில் சிறு துளை வழியாகக் குழலை உள்ளே விட்டு, கட்டியைத் தாண்டியதும் நுனியைப் பலூன் போல் ஊதி, பின்னால் இழுத்தால் கட்டியும் கூடவே வந்துவிடுகிறது! 1963-ல் இதைப் பற்றி எழுதினார். இன்றைக்கும் உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் அந்தக் குழல்தான். பல சமயங்களில் அந்த இடத்தை மாத்திரம் மரக்கச் செய்தே இதை முடித்துவிடுகிறார்கள். சிலருக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் குழல் வழியாகவே விடுவதுண்டு, சிலருக்கு மாற்று வழி போட்டு ஒட்டுவதுண்டு.

காலம் கடந்து வந்தால் காலை எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்பீர்கள். செத்த தசைக்குள் மறுபடி இரத்தத்தை விட்டால், அங்கே தேங்கிய நஞ்சு திரும்பி வந்து இருதயத்தை நிறுத்தும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆகவேதான் டாக்டர் உயிருக்காகக் காலை எடுக்கிறார். ஆனால் ஆறு மணி தாண்டிவிட்டது, இனிப் போய் என்ன பயன் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கால் பிழைக்குமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இனி நாமே கட்டி அடைக்கும் சங்கதி. பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிறு இறுகக் கட்டுகிறோம். அது விஷத்தை நிறுத்துவதில்லை, இரத்தத்தை நிறுத்துகிறது. பாம்பு கொல்லாத காலைக் கயிறு கொன்றுவிடுகிறது. கட்டாதீர்கள். காலை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். யாராவது முன்பே இறுகக் கட்டிவிட்டிருந்தால், அதை டாக்டர் முன்னிலையில் அவிழ்ப்பதே நல்லது. அப்படியே, குழந்தை மரத்திலிருந்து விழுந்து முழங்கை முறிந்தால் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். கட்டிய பின் வலி கூடிக்கொண்டே போனாலும், விரல் குளிர்ந்தாலும், விரலை நீட்டினால் அலறினாலும், அது குழந்தையின் பிடிவாதமல்ல. ஆஸ்பத்திரி மாவுக்கட்டானாலும் நாட்டுக் கட்டானாலும் அந்த நிமிஷமே அதைப் பிரிக்கச் செய்து, கையைக் காட்டுங்கள்.

கடைசியாகப் புகையிலை. நம் ஜில்லாவின் மானம் இதில் இருக்கிறது. திண்டுக்கல் சுருட்டு ஒரு காலத்தில் சீமைக்குக் கப்பலேறிற்று. வேடசந்தூரில் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையமே வைத்தார்கள். பயிர் செய்கிறவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை, வயிற்றுப்பாடு. ஆனால் 1908-ல் நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற டாக்டர், வாலிபர்களுடைய கால் குழாய்கள் அடைத்து விரல்கள் அழுகுவதை ஆராய்ந்து எழுதினார். அது புகையிலை பிடிக்கிறவர்களுக்கு வருகிற வியாதி. அதற்கு முதல் மருந்து புகையிலையை அடியோடு விடுவதுதான். நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் விடுகிறது என்றால், குழாய் குறுகிவருகிறது என்று காலே நோட்டீஸ் கொடுக்கிறது என்று அர்த்தம்.

நம் நாட்டுக்குச் சக்கரவர்த்தியாயிருந்த ஆறாவது ஜார்ஜ் மன்னரும் ஓயாமல் சிகரெட் பிடித்தவர். 1948-ல் அவர் காலுக்கு இரத்தம் போவது குறைந்து, காலையே எடுக்க நேரிடுமோ என்ற நிலை வந்தது. "கடவுளே, ராஜாவைக் காப்பாற்று" என்று இந்த ஜில்லாப் பள்ளிக்கூடங்கள் உள்படச் சாம்ராஜ்யம் முழுவதும் பிள்ளைகள் நின்றுகொண்டு பாடினார்களே, அந்த ராஜாவின் காலைக் காப்பாற்றியது எது? 1949 மார்ச் 12-ந் தேதி ஜேம்ஸ் லியர்மந்த் என்ற சர்ஜன் அரண்மனையிலேயே செய்த ஆபரேஷன். ராஜாவுக்கே பாட்டு போதவில்லை என்றால், ஆத்தூர்க் குடியானவனுக்கு மந்திரம் போதுமா? ஆனால் சர்ஜன் காப்பாற்றியதும் கால் மாத்திரமே. 1951-ல் புற்றுநோய்க்காக ஒரு நுரையீரலையும் எடுத்தார்கள். 1952 பிப்ரவரியில் அவர் காலமானார்.

தோழர்களே! சாமி உண்டா இல்லையா என்று நாளைக்கும் சண்டை போட்டுக்கொள்ளலாம். கடைக்கோடியில் நிற்கும் அன்பர்களும் நானும் அதற்குத் தயார். ஆனால் உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கால் திடீரென்று குளிர்ந்துபோனால், அன்று ராத்திரி மாத்திரம் கடிகாரத்தைப் பாருங்கள். கும்பிடுகிறவர்கள் ஆம்புலன்ஸில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொள்ளட்டும், நான் ஆட்சேபிக்கமாட்டேன். கும்பிடாதவர்கள் என்னைப் போல் மணலை வறுத்துக்கொண்டு உட்காரவேண்டாம். இங்கே கேட்டதை வீட்டிலுள்ள பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். விடியட்டும் என்று யாராவது சொன்னால், விடிவதற்குள் கால் போய்விடும் என்று எழுந்து நின்று சொல்ல உங்கள் வீட்டில் ஒருவராவது இருக்கவேண்டும்.